குக்கர் வெடித்தால், கிரைண்டர் ஷாக் அடித்தால்: மும்பைத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

சயான் கோலிவாடாவில் இருக்கும் என் அக்கா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குக்கர் மூடி எகிறியது. சாம்பாருக்கு வைத்த துவரம் பருப்பு கூரைத் தகட்டில் அப்பி மஞ்சளாகக் காய்ந்துகிடந்தது. அக்காவுக்கு வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிட்டது. நாங்கள் ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், வீட்டிலிருந்த பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு அந்தக் குக்கரைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மறுநாள் அத்தான் அதைக் கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் புதுக் குக்கரைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வைத்துக்கொண்டார். நியாயமான மனிதர் என்று அத்தான் வாயாரப் பாராட்டினார். மூன்று மாதம் கழித்து, சிகிச்சைச் செலவைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதினோம். பொருளை ஆய்வுக்குக் காட்டுங்கள் என்று பதில் வந்தது. காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் யாருக்கு இப்படி நேர்ந்தாலும் புகார் எழுதக் கூடவே உட்காருகிறேன். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று எங்கே போனாலும் கேட்கப்படும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

விபத்து நடந்த உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் உயிர். தீக்காயம், கொதிநீர்க் காயம் என்றால் ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். இட்லி மாவு, பற்பசை, மை எதையும் தடவாதீர்கள். ஷாக் அடித்தவரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். தீ என்றால் 101, எந்த அவசரத்துக்கும் 112.

அடுத்தது ஆஸ்பத்திரி. இங்கேதான் நம்மவர்கள் பலர் தெரியாமல் கோட்டை விடுகிறார்கள். பணியில் இருக்கும் டாக்டர், காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்டு ஒரு வரி எழுதுவார். பின்னால் எல்லோரும் எடுத்துப் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். "கைசே ஜலா?" என்று கேட்டதற்கு, வலியில் துடித்துக்கொண்டிருந்த அக்கா தனக்குத் தெரிந்த இந்தியில் "கரம் பானி" என்று சொன்னார். சீட்டில் வெந்நீர் பட்ட காயம் என்று பதிவாகிவிட்டது. குக்கர் என்ற சொல்லே அதில் இல்லை. "குக்கர் ஃபட் கயா" (குக்கர் வெடித்துவிட்டது), "கிரைண்டர் சே கரண்ட் லகா" (கிரைண்டரில் ஷாக் அடித்தது) என்று பொருளின் பெயரைச் சொல்லுங்கள். இந்தி வராவிட்டால் வருகிற ஒருவரைக் கூட்டிப்போங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், தவறிருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பெரிய காயம் என்றால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய வழக்காகப் பதிவு செய்யச் சொல்லி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அவர்களின் அறிக்கைக்கும் விண்ணப்பியுங்கள்.

வெடித்த பொருளை என்ன செய்வது? வீட்டில் வைத்திருக்கவே பயமாக இருக்கிறதே?

பயம் புரிகிறது. ஆனாலும் அதைக் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், கழற்றாதீர்கள். யாரிடமும் கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

குக்கரையே எடுத்துக்கொள்வோம். ஆவி வெளியேற ஒரு குக்கரில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. வெயிட் உட்காரும் குழாய் முதல் வழி. அது அடைத்துக்கொண்டால் சூடு ஏறி, சேஃப்டி வால்வில் இருக்கும் உருகும் உலோகம் இளகி ஆவியை விட வேண்டும். பல குக்கர்களில் மூடியின் ஓரத்தில் ஒரு நீள்துளை இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் மூடியின் ரப்பர் வளையமான காஸ்கெட் அதன் வழியே பிதுங்கி ஆவியை வெளியேற்றும். "நீங்கள் பருப்பு நுரையால் குழாயை அடைக்க விட்டீர்கள்" என்று நிறுவனம் சொல்லக்கூடும். அடைத்தே இருந்தாலும், மற்ற வழிகள் ஏன் திறக்கவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கான விடை அந்த மூடியிலேயே இருக்கிறது. உருகாத வால்வு, பிதுங்காத காஸ்கெட், குழாய்க்குள் சிக்கிய ஒரு பருப்பு எல்லாமே சாட்சி. நாங்கள் தேய்த்துக் கழுவியது அந்தச் சாட்சியைத்தான்.

நடந்த இடத்தில் கிடக்கிறபடியே படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து சில. அடியில் இருக்கும் முத்திரை, எண், தயாரித்த மாதம், விலை அச்சிட்ட லேபிள் எல்லாம் தெரிய வேண்டும். சுவர், கூரை, அடுப்பு, உடைந்த ஓடு எதையும் விடாதீர்கள். பிறகு சிதறிய துண்டுகள் உட்பட எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் தேதி எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுங்கள். பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவர்களுக்கு இடம் இல்லை என்பது தெரியும். உறவினர் வீட்டிலாவது வையுங்கள்.

சர்வீஸ் ஆள் வந்து "சோதனைக்கு எடுத்துப்போகிறேன்" என்றால்?

வீட்டிலேயே, உங்கள் கண் முன்னால் பார்க்கட்டும். படமும் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்துப்போக வேண்டும் என்றால் நிறுவனத்தின் கடிதம் கேளுங்கள். எந்த நிலையில் பெறுகிறோம், எங்கே சோதிக்கிறோம், என்றைக்குத் திருப்பித் தருகிறோம் என்று அதில் இருக்க வேண்டும். பெரிய காயம் பட்ட வழக்கில் அப்படிக் கடிதம் தந்தாலும் கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. நுகர்வோர் நீதிமன்றம் தானே பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு. அறிக்கை தர ஆய்வகத்துக்கு 45 நாள் கெடு. ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே, அப்படியானால் பாதுகாப்பானதுதானே?

முத்திரை உண்மையானதா என்று முதலில் பாருங்கள். உண்மையான ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண் இருக்கும். குக்கருக்கு அது ஐ.எஸ். 2347, வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடுக்கு ஐ.எஸ். 368, கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ். 4246. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். எண்ணே இல்லாமல் வெறும் படம் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒருமுறை மிக்சிக்காக வாங்கிய உரிமத்தின் எண்ணை வேறொரு பொருளில் அடித்திருந்ததைச் செயலியில் நானே பார்த்தேன்.

முத்திரை உண்மையாகவே இருந்து பொருள் பழுதாக இருந்தாலும் அதே செயலியில் புகார் செய்யலாம்.

முத்திரையே இல்லாத பொருளை வாங்கிவிட்டேன். தவறு என் மேல்தானே?

இல்லை. குக்கர் போன்ற பொருள்களை முத்திரை இல்லாமல் தயாரிப்பதும் விற்பதும்தான் குற்றம். வீட்டுக் குக்கர்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் வந்து 2021 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாங்கியவரைத் தண்டிக்கும் சட்டம் ஏதும் இல்லை. மின்சாதனச் சந்தையான லோகார் சாலில் மலிவாகக் கிடைத்தது என்று வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கிய அண்ணன் ஒருவர், "நான்தானே குறைந்த விலைக்கு ஆசைப்பட்டேன்" என்று புகாரே கொடுக்காமல் இருந்தார். குறைந்த விலைக்கு வாங்கியவருக்கும் உயிர் ஒன்றுதான். விற்றவர் கேட்க வேண்டிய கேள்வியை வாங்கியவர் தன்னையே கேட்டுக்கொண்டு குமைவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இப்படிப்பட்ட பொருளைப் பற்றித் தர நிர்ணய அமைவனத்துக்குத் தகவல் கொடுத்தால் அவர்கள் சோதனையிட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்ய முடியும். தகவல் கொடுத்தவரின் பெயர் ரகசியமாக வைக்கப்படும். மும்பையில் அவர்களின் அலுவலகம் அந்தேரி கிழக்கில் இருக்கிறது.

யாரிடம் புகார் செய்வது? ஒவ்வொருவர் ஒவ்வொரு இடம் சொல்கிறார்கள்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. பணமோ மாற்றுப் பொருளோ போதும் என்றால் முதலில் நிறுவனம், அது கேட்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். காயத்துக்கு நஷ்டஈடு வேண்டும் என்றால் நுகர்வோர் நீதிமன்றம் என்று நாம் சொல்லும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முத்திரை தொடர்பான மோசடி என்றால் தர நிர்ணய அமைவனம். இந்தப் பொருள் இனி யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்றால் டெல்லியில் இருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். ஒன்றுக்குச் சென்றால் மற்றது அடைபடும் என்பதில்லை. நான்கையும் நாடலாம்.

கடைசியாகச் சொன்ன ஆணையம் 2020 ஜூலையில் அமைக்கப்பட்டது. ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. 2021 டிசம்பரில் ஹெல்மெட், குக்கர், கேஸ் சிலிண்டர் பற்றியும், அடுத்து வாட்டர் ஹீட்டர் ராடு, கேஸ் அடுப்பு போன்றவை பற்றியும் பாதுகாப்பு அறிவிப்புகள் வெளியிட்டது. 2022 ஆகஸ்டில், தர ஆணைக்கு மாறான குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டதற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசான் தளத்தில் விற்றவை 2,265 குக்கர்கள், ஃபிளிப்கார்ட்டில் 598. இரு நிறுவனங்களும் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடின. அபராதத் தொகை அவர்களுக்குத் தூசு. ஆனால் வாங்கிய ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லிக் குக்கரைத் திரும்பப் பெற வேண்டும் என்ற உத்தரவின் மதிப்பு வேறு. இந்த ஆணையத்துக்குச் செல்ல வேண்டிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. தாராவி, சயான், மாட்டுங்காக்காரர்களுக்கு ஃபோர்ட்டில் இருக்கும் மும்பை நகர ஆட்சியர் அலுவலகம். செம்பூர், முலுண்ட், கோரேகாவ் என்றால் பாந்த்ரா கிழக்கில் இருக்கும் புறநகர் ஆட்சியர் அலுவலகம்.

1915-இல் தமிழில் பேசலாமா?

பேசலாம். தமிழ் உட்பட 17 மொழிகளில் சேவை இருக்கிறது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, தேசிய விடுமுறை நாள்கள் தவிர. 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் பதிவு செய்யலாம். புகார் எண் ஒன்று தருவார்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். பொருளின் விலை திரும்புவதற்கு அது பெரும்பாலும் போதும். உடம்பில் பட்ட காயத்துக்குப் போதாது.

நேரில் உட்கார்ந்து யோசனை கேட்க வேண்டும் என்றால் மும்பைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1966-இல் ஒன்பது பெண்கள் தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கம், 1975 முதல் இயங்கும் மும்பை கிராஹக் பஞ்சாயத்து இரண்டும் இந்த ஊரில்தான் இருக்கின்றன.

நிறுவனத்துக்குக் கடிதம் எப்படி எழுதுவது?

ஆத்திரம் இருக்கத்தான் செய்யும். கடிதத்தில் அது வேண்டாம். ஒரு தம்பி எழுதி எடுத்துவந்தது இப்படி: "உங்கள் கம்பெனி ஏமாற்றுக் கம்பெனி, என் மனைவி செத்துப் பிழைத்தாள், உங்களைச் சும்மா விட மாட்டேன்." இரண்டு பக்கம். தேதி இல்லை, மாடல் எண் இல்லை, என்ன வேண்டும் என்பதும் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து திருத்தியபின் அது இப்படி ஆனது: "இந்தத் தேதியில், இந்தக் கடையில், இந்த விலைக்கு, இந்த மாடல் டேபிள்டாப் கிரைண்டரை வாங்கினேன். இந்தத் தேதி காலை 6.30 மணியளவில், குறிப்பேட்டில் சொன்னபடி இயக்கும்போது, உலோக விளிம்பைத் தொட்ட என் மனைவிக்கு மின்அதிர்ச்சி ஏற்பட்டது. மருத்துவச் சீட்டு, பில், படங்கள் இணைத்துள்ளேன். பொருள் முத்திரையிடப்பட்டு என்னிடம் உள்ளது. விலையையும் மருத்துவச் செலவையும் 15 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை நாடுவேன்." அரைப் பக்கம்தான் வந்தது. பதில் ஒன்பதாம் நாள் கிடைத்தது.

மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். முகவரி பெட்டியிலேயே இருக்கும். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், நுகர்வோர் தொடர்பு எண்ணும் பொட்டலத்தில் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. வாங்கியவுடன் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து வைக்கும் பழக்கம் நல்லது.

பில் வாங்கவில்லை. புகார் செல்லுமா?

செல்லும். யு.பி.ஐ. பதிவு, வங்கிக் குறுஞ்செய்தி, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், வாரன்டி அட்டையில் இருக்கும் கடை முத்திரை எல்லாம் உதவும். பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1986 சட்டத்துக்குப் பதிலாக வந்த இந்தச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது.

குக்கர் கல்யாணச் சீரில் திருநெல்வேலியிலிருந்து வந்தது. வாங்கியவர் என் சித்தப்பா. நான் புகார் செய்யலாமா?

தாராளமாக. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். வாங்கிய ஊருக்கு அலையவும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த மாற்றம். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு இதைவிடப் பெரிய உதவி அந்தச் சட்டத்தில் இல்லை. சித்தப்பாவிடம் பில்லும் இரண்டு வரிக் கடிதமும் வாங்கிவையுங்கள். தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்துவிடுங்கள்.

காயம் பட்டது குழந்தை என்றால் பெற்றோர் புகார் செய்யலாம். உயிர் போயிருந்தால் வாரிசுகள்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறோம். கிரைண்டர் ஷாக் அடித்தது. "தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் அல்ல" என்கிறார்கள்.

பாதி உண்மையைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து வயிற்றைக் கழுவுவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துகிறவர் அந்த விலக்குக்குள் வரமாட்டார் என்றும் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாவு ஆட்டி, இட்லி அவித்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கும் குடும்பத்துக்காக எழுதப்பட்ட வரி அது. ஆள் வைத்துப் பெரிய அளவில் நடத்தும் உணவகம் என்றால் நிலைமை வேறு. புகாரில் "எங்கள் குடும்பப் பிழைப்புக்காக, நாங்களே இயக்குகிறோம்" என்று தெளிவாக எழுதுங்கள். வேலைக்குப் போக முடியாத நாள்களின் வருமான இழப்பையும் கணக்கில் சேருங்கள்.

"உங்கள் வீட்டில் எர்த் இல்லை, தவறாகப் பயன்படுத்தினீர்கள்" என்கிறது நிறுவனம். என்ன பதில் சொல்வது?

மின்சாரப் பொருள்களில் பெரும்பாலும் வரும் பதில் இது. சால் எனப்படும் வரிசை அறைக் குடியிருப்பிலும் குடிசைப் பகுதியிலும் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஆகவே விபத்து நடந்த வாரத்திலேயே உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று சோதித்து, தேதியோடு எழுதி வாங்குங்கள். எர்த் சரியாக இருந்தால் நிறுவனத்தின் வாதம் அங்கேயே நின்றுவிடும்.

எர்த் இல்லாவிட்டால்? வழக்கு பலவீனப்படும், மறைக்க மாட்டேன். ஆனால் முடிந்துவிடாது. எர்த் கம்பி வேலை செய்வது மின்கசிவு ஏற்பட்ட பிறகுதான். புதுப் பொருளின் உலோக உடலில் மின்சாரம் ஏன் வந்தது என்பதற்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

பொருளைத் தவறாகப் பயன்படுத்தினால், மாற்றியமைத்தால் பொறுப்பு இல்லை என்று சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது. அதனால்தான் குக்கருக்கு வேறு கம்பெனி காஸ்கெட் போடாதீர்கள், சேஃப்டி வால்வைத் தெருமுனையில் மாற்றாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வாட்டர் ஹீட்டர் ராடை இரும்பு வாளியில் போடாதீர்கள், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள். குறிப்பேடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்து, வீட்டில் யாருக்கும் அது வாசிக்க வராது என்றால், படித்த பிள்ளை ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

கடைக்காரர் நிறுவனத்தைக் காட்டுகிறார், நிறுவனம் கடையைக் காட்டுகிறது. யார் பொறுப்பு?

இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். தயாரிப்புக் குறைபாட்டுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. வேறு யாரோ செய்த பொருளில் தன் பெயரை ஒட்டி விற்பவரும் சட்டப்படி தயாரிப்பாளர்தான், "நாங்கள் செய்யவில்லை" என்று தப்ப முடியாது. தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத பொருளுக்கு விற்றவர் பதில் சொல்ல வேண்டும். இறக்குமதி செய்தவரும் விற்பனையாளராகவே கருதப்படுவார். ஆன்லைனில் வாங்கியிருந்தால் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 விதி.

வாரன்டி முடிந்துவிட்டது என்று சொல்லி வாயை அடைப்பார்கள். இலவசப் பழுதுபார்ப்புக்கான கெடு அது. குறைபாட்டால் உடம்பில் பட்ட காயத்துக்கான பொறுப்பு அதோடு முடிவதில்லை.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு எவ்வளவு செலவாகும்? வக்கீல் வேண்டுமா?

பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வீட்டுப் பொருள் எதுவும் அதைத் தாண்டப்போவதில்லை. எந்த ஆணையம் என்பதும் கொடுத்த விலையை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கேட்கும் நஷ்டஈடு எவ்வளவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. டோம்பிவிலியில் குடியிருந்தால் தானே மாவட்டத்து ஆணையம்.

வக்கீல் கட்டாயமில்லை. நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், காணொலி வழி விசாரணைக்கும் விண்ணப்பிக்கலாம். பொருளின் விலை மட்டும் என்றால் நீங்களே போதும். கை, கண், முகம் என்று நிரந்தரப் பாதிப்பு இருந்தால் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவச் சாட்சியத்தை முறையாக முன்வைக்க வேண்டியிருக்கும்.

பொருளின் விலை, மருத்துவச் செலவு, இழந்த கூலி, எரிந்த பொருள்கள், காயத்தால் வந்த மனவேதனை இவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள். ஆட்டோ ரசீது, மருந்துச் சீட்டு, முதலாளி தந்த விடுப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுவையுங்கள்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும்? எப்போது முடியும்?

இரண்டு ஆண்டுக்குள். விபத்து வழக்கில் விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் சலுகை. மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு வந்தும் நிறுவனம் கொடுக்காவிட்டால் சிறைத் தண்டனை வரை விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

நிறுவனத்தின் ஆள் வந்து பணம் தருகிறேன், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்.

காகிதம் ஆங்கிலத்தில் இருக்கும். "முழுமையான இறுதித் தீர்வு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதன் அர்த்தம், இனி எதுவும் கேட்க மாட்டேன் என்பது. தீக்காயத்துக்கு ஆறு மாதம் கழித்துத் தோல் சுருங்கி மறுசிகிச்சை தேவைப்படலாம். சிகிச்சை முடியுமுன் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், தெரிந்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

கேஸ் அடுப்பு, சிலிண்டர் விபத்துக்கும் இதே வழிதானா?

கசிவு வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். புதுச் சிலிண்டர் வரும்போது அதன் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருப்பதைப் பாருங்கள். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தக் காலத்துக்குள் சிலிண்டரை மறுசோதனை செய்திருக்க வேண்டும். காலம் கடந்ததைத் திருப்பி அனுப்புங்கள்.

விபத்து நடந்துவிட்டால் விநியோகஸ்தருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்காகக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன, நீங்கள் பிரீமியம் கட்டத் தேவையில்லை. இணைப்பு பதிவான முகவரியில் நடந்த விபத்தா என்று பார்ப்பார்கள். வாடகை வீடு மாறும்போது இணைப்பின் முகவரியை மாற்றாமல் விட்டவர்கள் மும்பையில் ஏராளம். இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

யாருக்கும் காயம் இல்லை. லேசாக ஷாக் அடித்தது, அவ்வளவுதான். இதற்கெல்லாம் புகார் வேண்டுமா?

வேண்டும். எங்கள் அக்காவின் குக்கரில் அதற்கு முன்பே இரண்டு முறை மூடி ஓரமாக ஆவி பீறிட்டிருக்கிறது. காஸ்கெட் பழசு என்று நினைத்து மாற்றிவிட்டு விட்டுவிட்டார்கள். அன்றே ஒரு போன் போட்டிருந்தால் என்ற எண்ணம் இன்றும் எனக்குப் போகவில்லை. 1915-க்கு ஒரு அழைப்பு, பி.ஐ.எஸ். கேரில் ஒரு பதிவு. பத்து நிமிட வேலை. அதே சரக்கு எத்தனை வீட்டு அடுப்பில் இருக்கிறதோ.

எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பொருளைப் பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவிடம் போட்டுவிடலாமா?

வழக்கும் மேல்முறையீட்டுக் காலமான 45 நாளும் முடியும்வரை போடாதீர்கள். பிறகு போடும்போது முழுதாகப் போடாதீர்கள். பழையதைத் தட்டிச் சரிசெய்து மறுபடி விற்பனைக்கு வைக்கும் கடைகள் இந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. மின்சாரப் பொருள் என்றால் வயரை அடியோடு வெட்டிவிடுங்கள். குக்கர் என்றால் மூடியைச் சுத்தியலால் அடித்து வளைத்து, இனி எந்தப் பாத்திரத்திலும் உட்காராதபடி செய்துவிட்டுக் கொடுங்கள்.